மூக்கு உடைந்த சைடு கவர்

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இஞ்சின் பெரிய கவலை இல்லை. பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் தேடினால் கிடைத்துவிடும். போர் தேய்ந்துபோனால் லேத்தில் கொடுத்து அடுத்த சைஸுக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஸ்டாண்டு விட்டுப்போனால் வெல்டிங், மட்கார்டு நசுங்கினால் டிங்கரிங். எல்லாவற்றுக்கும் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறார். பிளாஸ்டிக் உடைந்தால்தான் திண்டாட்டம். சைடு கவர், மீட்டர் கூடு, ஏர் ஃபில்டர் பெட்டி, இண்டிகேட்டர், டெயில் லைட் மூடி என்று இவற்றில் எது போனாலும் கம்பெனி சாமான் கிடைப்பது அபூர்வம். டூப்ளிகேட் கிடைக்கும், பொருந்தாது. அப்போது எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எந்தப் பசை ஸ்ட்ராங்?" அந்தக் கேள்வியில் தொடங்கவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மோட்டார் மெக்கானிக் அல்ல. திருச்சி பாலக்கரைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என் சித்தப்பா.

எங்கள் வீட்டு வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985இல் இந்தியாவில் அறிமுகமாகி 1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. 98 சி.சி.தான். ஆனால் 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. அதன் வேகமான ஓட்டத்துக்குக் காரணம் இந்தக் கணக்குதான். அப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கினார். ரிட்டையர் ஆன பிறகு வண்டி என் கைக்கு வந்தது. பெயிண்ட் மங்கவில்லை, குரோம் கெடவில்லை. இடது சைடு கவர் மட்டும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து வண்டிகளின் சைடு கவருக்கு உள்பக்கம் சின்னச் சின்ன மூக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் அவற்றை அழுத்தினால் 'டப்'பென்று உட்காரும். கழற்ற வேண்டுமென்றால் நேராக இழுக்க வேண்டும். பேட்டரியைப் பார்க்க, ஃபியூஸைப் பார்க்க, ஆயில் ஊற்ற என்று யாராவது இழுத்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு ஓரத்தைப் பிடித்து வெளியே மடக்கி இழுப்பார்கள். மூக்கு அடியோடு ஒடிந்துவிடும். எங்கள் வண்டியிலும் அதுதான் நடந்திருந்தது.

வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கைராசிக்காரர். டைமிங் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் ஒடிந்த மூக்கைத் தேடி எடுத்து, இரண்டு நிறக் களிம்பைப் பிசைந்து பூசுவார்களே, அந்த எபாக்சி பட்டியைச் சுற்றிலும் அப்பி வைத்தார். "இரும்பையே பிடிக்கிற சாமான் தம்பி, இந்தப் பிளாஸ்டிக்கைப் பிடிக்காதா?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து தஞ்சாவூர் ரோட்டில் போகும்போது மூக்கு பட்டியோடு சேர்ந்து முழுசாகக் கழன்று விழுந்தது. பட்டி உடையவில்லை. பிளாஸ்டிக்கும் உடையவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பிடிப்புதான் விட்டிருந்தது. அந்த இடம் வழுவழுவென்று, பட்டி வைத்த தடமே இல்லாமல் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டுதான் சித்தப்பாவின் கடைக்குப் போனேன். அவர் கையில் வாங்கியவுடன் பசையைப் பற்றிப் பேசவே இல்லை. கவரைத் திருப்பி உள்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஷேவிங் பிளேடால், வெளியே தெரியாத ஓரத்திலிருந்து நகத்துணுக்கு அளவுக்கு ஒரு சீவல் எடுத்தார். டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, அந்தச் சீவலை விரலால் முக்கி விட்டார். அது அடியில் போய் உட்கார்ந்தது. "முங்குது பாத்தியா? மொதக் கேள்விக்குப் பதில் கெடச்சிருச்சு" என்றார். இன்னொரு சீவலைக் குறட்டில் பிடித்து, கடை வாசலுக்கு வந்து தீக்குச்சியைக் காட்டினார். மஞ்சள் சுடரோடு எரிந்தது. கறுப்புப் புகை, அதில் நூல் நூலாகக் கரி பறந்தது. குச்சியை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒரு பழைய பாட்டிலிலிருந்து அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு உள்பக்க மூலையில் வைத்து எடுத்துவிட்டு, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்தினார். பிசுபிசுவென்று ஒட்டியது.

"ஏ.பி.எஸ்." என்றார். "இதுக்கு வெளியிலேருந்து பசையே வேண்டாம்டா. இதையே இதுக்குப் பசையா ஆக்கிரலாம்."

பிறகு நிறையப் படித்து, நிறைய ஒட்டிப் பார்த்து, அவர் சொன்னதன் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். மரத்துக்கு வஜ்ஜிரம் போட்டால் அது நுண்துளைகளுக்குள் இறங்கி உறைந்து பிடித்துக்கொள்ளும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அப்படித் துளை கிடையாது. பசை மேற்பரப்பில் பரவ வேண்டும், மூலக்கூறு அளவில் அதோடு நெருங்கி உட்கார வேண்டும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் (பிரேக்கில் சொல்லும் ஏ.பி.எஸ். வேறு) அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்வது. இதில் பியூட்டடையீன் ரப்பர் வகை. அடி தாங்கும் குணம் அதனால்தான் வருகிறது. வெயில் பட்டுப் பட்டு முதலில் கெடுவதும் அதுவே. முப்பது வருஷத்துச் சைடு கவர் வெளுத்து, மொரமொரப்பாகி, சின்ன அடிக்கே விரிசல் விடுவது இதனால்தான். ஆனால் அசிட்டோனில் கரையும் என்பது இதன் பெரிய சௌகரியம். உடைந்த இரண்டு முகங்களையும் அசிட்டோனால் இளக்கி ஒன்றோடொன்று அழுத்தினால் இரு பக்க மூலக்கூறுச் சங்கிலிகளும் கலந்துவிடும். அசிட்டோன் ஆவியாகிப் போன பிறகு நடுவில் பசை என்று எதுவும் இருக்காது. பிளாஸ்டிக் மட்டுமே இருக்கும்.

மூக்கை அப்படியே ஒட்டினால் போதாது என்றார் சித்தப்பா. இழுவை முழுவதும் விழுவது அந்த இடத்தில்தான். எனவே உள்ளே ஒரு கம்பி வேண்டும். சைக்கிள் கடையிலிருந்து பழைய போக்ஸ் கம்பி ஒன்று வாங்கிவரச் சொன்னார். போக்ஸ் கம்பி 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதே அளவு டிரில் பிட்டை, மெஷினில் போடாமல், கைப்பிடியில் மாட்டி விரலாலேயே திருகித் திருகி மூக்கின் நடுவிலும் கவரில் அதன் அடிப்பகுதியிலும் துளை போட்டார். கவரின் வெளிப்பக்கம் வரை போய்விடக் கூடாது. பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஆழத்துக்கு எல்லை வைத்துக்கொண்டார். கம்பியின் துண்டை அரத்தால் நாலு கீறு கீறி, சொரசொரப்பாக்கி உள்ளே இறக்கினார். மூக்கு நெட்டுக்குத்தாக நின்றது.

அடுத்தது கூழ். என்னைவிட்டே ஒரு உடைந்த ஏ.பி.எஸ். துண்டைச் சின்னச் சின்னதாக வெட்டவைத்து, ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி மூடினார். மறுநாள் பார்த்தால் துண்டுகள் காணோம். தோசை மாவுப் பதத்தில் கறுப்புக் கூழ். அதைக் குச்சியால் தொட்டு மூக்கின் அடியைச் சுற்றி மெல்லிசாகப் பூசினார். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அவசரப்பட்டுக் கனமாக அப்பினால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே அசிட்டோன் சிக்கிக்கொள்ளும். குமிழி வரும், சுருங்கும், சுற்றியுள்ள நல்ல பிளாஸ்டிக்கும் நெளியும். மெல்லிய பூச்சுகளாகக் கட்டிக்கொண்டே வந்து, அடி அகலமாக, மேலே குறுகலாக ஒரு மேடு ஆக்கினார். "இப்ப மாட்டாத. ஒரு வாரம் ஆணியில தொங்கட்டும்" என்றார். தொட்டால் சில மணி நேரத்திலேயே காய்ந்துவிட்டதுபோல் இருக்கும். உள்ளிருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேறிப் பழைய கெட்டித்தன்மை வரப் பல நாள் ஆகும். ஒட்டிய வேலை கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பொறுமையின்மைதான் என்பது என் முடிவான அபிப்பிராயம்.

காத்திருந்த நாட்களில் அவர் என்னை ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்பியது புது ரப்பர் புஷ் வாங்க. பழைய புஷ்ஷைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் கல்லாவின் மேல் போட்டார். கல் விழுந்த சத்தம் கேட்டது. இறுகிப்போன ரப்பர் மூக்கை விடாது. இழுப்பவர் பலம் காட்டுவார். உடைவது மூக்கு. ஆக, மூக்கு உடைந்ததற்குப் பாதிக் காரணம் பிளாஸ்டிக்கே அல்ல. புது புஷ் மாட்டி, சோப்புத் தண்ணீரை ஒரு விரல் தடவி, மூக்குக்கு நேராகக் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் கவர் உட்கார்ந்தது. அதே கவர்தான் இன்னும் வண்டியில் இருக்கிறது.

ஏ.பி.எஸ்.ஸுக்கு இவ்வளவு எளிதென்றால், எல்லாவற்றுக்கும் அசிட்டோன் போதுமே என்று தோன்றும். தோன்றக் கூடாது. அதே வண்டியில் 2டி ஆயில் ஊற்றும் டேங்க் பால் வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக். ஒருமுறை அதன் காதுப் பக்கம் கீறல் விழுந்து ஆயில் கசிந்தது. சித்தப்பாவின் பரிசோதனையை நானே செய்தேன். சீவல் தண்ணீரில் மிதந்தது. நெருப்பில் சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது. மெழுகுவத்தியை ஊதி அணைத்தால் வருமே, அந்த வாசனை. அசிட்டோனில் முக்கி வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பாலிஎத்திலீன். இதன் தம்பி பாலிபுரோப்பிலீன். ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரிப் பெட்டி, உள் மட்கார்டு போன்றவை பெரும்பாலும் இந்தக் குடும்பம். இரண்டின் அடர்த்தியும் தண்ணீரைவிடக் குறைவு: பாலிபுரோப்பிலீன் 0.9, பாலிஎத்திலீன் 0.92 முதல் 0.96 வரை. ஏ.பி.எஸ். 1.05ஐ ஒட்டி. டம்ளர் சோதனைக்கு அடிப்படை இந்த எண்கள்தான்.

மோட்டார் சைக்கிளில் பிளாஸ்டிக்கைப் பெரிய அளவில் கொண்டுவந்ததே பாலிஎத்திலீன்தான். 1958இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோது அதன் கால் மறைப்பையும் முன் மட்கார்டையும் பாலிஎத்திலீனில் வார்த்தார்கள். எடையும் குறைந்தது, விலையும் குறைந்தது, வளைந்தாலும் உடையாது. உடைந்தால் ஒட்டாது என்பது அதன் மறுபக்கம். இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் தண்ணீர்கூடப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். தண்ணீருக்கே இடம் கொடுக்காத இடத்தில் பசை எப்படிப் பரவும்? பரவாத பசை பிடிக்காது. சாதாரண எபாக்சி, இன்ஸ்டன்ட் பசை, செருப்புக் கடைப் பசை எதைப் போட்டாலும் காய்ந்தபின் நகத்தால் உரித்துவிடலாம்.

ஆயில் டேங்க் விஷயத்தில் சித்தப்பா கண்டிப்பாகச் சொன்னார்: "அத ஒட்டவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம். வேற டேங்க் வாங்கு." காரணம் அழகு அல்ல. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழைய உதிரிச் சாமான் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டையில் தேடி, விரிசல் இல்லாத பழைய டேங்க் ஒன்று வாங்கி மாட்டினேன். பிரேக், ஆயில், பெட்ரோல் இந்த மூன்றோடும் சம்பந்தப்பட்ட எந்தப் பிளாஸ்டிக்கையும் நான் ஒட்டுவதில்லை, யாருக்கும் ஒட்டிக்கொடுப்பதும் இல்லை.

ஏர் ஃபில்டர் பெட்டியில் விரிசல் வந்தது வேறு கதை. அதையும் சும்மா விட முடியாது. விரிசல் வழியாகக் கூடுதல் காற்று போனால் பெட்ரோல் கலவை மெலிந்து இஞ்சின் சூடேறும். தூசியும் நேராக உள்ளே போகும். அதற்குப் பசை இல்லாததால் சித்தப்பா சால்டரிங் அயர்னை எடுத்தார். முதலில் விரிசலின் இரண்டு முனைகளிலும் சின்னத் துளை. கூரான முனையில்தான் இழுவிசை குவிகிறது. அதை வட்டமாக்கிவிட்டால் விரிசல் மேலே ஓடாது. எந்தப் பிளாஸ்டிக்கானாலும், எந்தப் பசையானாலும் இந்தத் துளைதான் முதல் வேலை. பிறகு டீ வடிகட்டியிலிருந்து வெட்டிய ஸ்டீல் வலைத் துண்டை விரிசலின் குறுக்கே உள்பக்கம் வைத்து, அயர்ன் முனையால் அழுத்தி, வலை பிளாஸ்டிக்குக்குள் மூழ்கும் வரை பதித்தார். அதற்கு மேலே அதே வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து நீளவாக்கில் வெட்டிய குச்சியை உருக்கி நிரப்பினார். பாலிபுரோப்பிலீனோடு பாலிபுரோப்பிலீன்தான் சேரும், ஏ.பி.எஸ். குச்சியை உருக்கி ஊற்றினால் ஆறியதும் தனியாகப் பெயர்ந்துவிடும். கார் பம்பர் வெல்டிங் செய்யும் கடைகளில் இன்று நடப்பதும் இதே வேலைதான், கருவி மட்டும் கொஞ்சம் பெரிது.

இனி, எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருக்கும் இன்ஸ்டன்ட் பசை. சயனோஅக்ரிலேட் என்பது அதன் ரசாயனப் பெயர். 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கையில் அகப்பட்டது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் மறுபடி கண்ணில் பட்டபோதுதான் அந்தக் குறையே அதன் குணம் என்று புரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது. காற்றிலும் மேற்பரப்பிலும் உள்ள ஈரம் பட்டவுடன் இறுகுவது அதன் இயல்பு. நம் ஊரில் சீக்கிரம் பிடிப்பதற்கு இந்தப் புழுக்கமும் ஒரு காரணம்.

எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் தனியாக நம்பமாட்டேன். நேர் இழுவையைத் தாங்கும்; அதிர்வையும் மடக்குவதையும் தாங்காது, கண்ணாடிபோல் விட்டுவிடும். வெயிலில் நிறுத்திய கறுப்புப் பேனலின் சூடும் அதற்கு ஆகாது. ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டியில் அதிர்வும் சூடும்தான் நாள் முழுக்க. எனவே அதை நான் பயன்படுத்துவது துண்டுகளைச் சரியான இடத்தில் நிறுத்திப் பிடிக்க மட்டும். ஐந்தாறு துண்டாக உடைந்த மீட்டர் கூட்டை முதலில் சொட்டுச் சொட்டாக அதனால் கோத்து, உருவம் வந்த பிறகு உள்பக்கம் கூழும் வலையும் போட்டுப் பலப்படுத்துவேன். துணுக்கு காணாமல் போன பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு விட்டால் அந்த நொடியே கல்லாகிவிடும்; அரம் போட்டுச் சீவலாம். பஞ்சிலோ பருத்தித் துணியிலோ மட்டும் அதைக் கொட்டக் கூடாது. புகையும் அளவுக்குச் சூடாகி விரலைப் பொசுக்கிவிடும்.

எபாக்சியைப் பற்றி மெக்கானிக் அண்ணனுக்கு இருந்த நம்பிக்கை முழுக்க வீண் அல்ல. சித்தப்பாவின் கடையில் பேக்கலைட் ரேடியோப் பெட்டிகள் நிறைய வரும். பேக்கலைட் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது, கரையவும் செய்யாது. அதற்கு எபாக்சியைத் தவிர வேறு கதி இல்லை. ஃபைபர் கிளாஸில் செய்த பக்கப் பெட்டிகளுக்கும் ஹெட்லைட் டூம்களுக்கும் அப்படியே. ஏ.பி.எஸ்.ஸிலும் எபாக்சி பிடிக்கும், முறையாகச் செய்தால். எண்பதாம் நம்பர் எமரித்தாளால் பளபளப்பு முழுவதும் போகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். உடைந்த கோட்டின்மேல் மட்டும் தடவாமல் இரு பக்கமும் ஒரு அங்குலம் அகலத்துக்கு ஃபைபர் துணி வைத்துத் தடவ வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறுகும் வகையைவிட, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகை பலம் அதிகம். எங்கள் கவரில் அன்று விட்டதற்குக் காரணம் தேய்க்காததும், கிரீஸ் கை பட்டதும், சேரும் பரப்பு மூக்கின் விளிம்பளவே இருந்ததும்தான்.

டெயில் லைட் மூடிக்கு இதில் எதுவும் ஆகாது. அது பெரும்பாலும் அக்ரிலிக். அசிட்டோனைத் தொட்டால் பாளம் பாளமாக நுண்விரிசல் ஓடி மங்கிவிடும். இன்ஸ்டன்ட் பசை போட்டால் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். சித்தப்பா என்னை அனுப்பிய இடம் அக்ரிலிக் எழுத்து வெட்டும் போர்டு கடை. அங்கே இருந்த பையன் உடைந்த இரண்டு பாதிகளையும் சேர்த்து டேப் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஊசியில் குளோரோஃபார்மை எடுத்துக் கோட்டின் ஒரு முனையில் வைத்தான். அழுத்தவே இல்லை. திரவம் தானாகவே அந்த மயிரிழை இடைவெளிக்குள் ஓடி, மறுமுனை வரை போனது. கோடு கண்ணெதிரே மறைந்தது. சிவப்பு மூடிக்குள் ஒட்டிய இடம் எதுவென்று சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது. வாசல் திறந்திருக்க, ஃபேன் ஓட, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே வேலை செய்தான். குளோரோஃபார்மோ அசிட்டோனோ, காற்றோட்டம் இல்லாத அறையில், அடுப்புக்கோ விளக்குக்கோ அருகில் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரிதான். நம் சித்திரை வெயிலில் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் கடை இப்போது இல்லை. ரேடியோ போய், டேப் ரெக்கார்டர் போய், கடையும் போனது. அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் முறை மட்டும் என்னிடம் இருக்கிறது. புதுப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் யாரும் எடுக்காத, நடுவில் பிளந்த பழைய கம்பெனி சைடு கவர்களை எடைக்கு வாங்கி வருவேன். கூழுக்கு அதைவிட நல்ல சரக்கு இல்லை: அதே பிளாஸ்டிக், அதே கறுப்பு. கடைக்காரர்களுக்கு முதலில் புரியவில்லை. இப்போது எனக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். பளபளவென்று தொங்கும் டூப்ளிகேட் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தால் எடையே சொல்லிவிடும். மூக்குக்கும் மூக்குக்கும் உள்ள தூரம் கொஞ்சம் மாறினாலும் மாட்டும்போதே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த இழுவையோடு ஓடும் பிளாஸ்டிக் நாளைக்கு அங்கேதான் விரியும். ஒட்டிய பழைய கவர் ஒட்டாத புது டூப்ளிகேட்டைவிட மேல் என்று நான் சொல்வது பழைய பொருள்மேல் உள்ள பாசத்தால் மட்டும் அல்ல.

அக்கா மகன் 2003இல் வந்த கரிஸ்மா ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறான். முன்பக்கம் அரை ஃபேரிங், அதாவது உடைவதற்கு எங்கள் காலத்து வண்டியைவிட இடம் அதிகம். "மாமா, எந்தப் பசை நல்லது?" என்றுதான் அவனும் வந்தான். பேனலைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். பிற்கால வண்டிகளில் உள்பக்கம் பெரும்பாலும் இரண்டு கோண அடைப்புக்குள் பிளாஸ்டிக்கின் பெயரே அச்சாகியிருக்கும். மறுசுழற்சிக்காகப் போடுவது; ஒட்டுபவனுக்கும் அது வரம். டம்ளரும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். இப்போது இரண்டு குழல் ஒன்றாக அமுங்கும் அக்ரிலிக் பசைகளும் வந்துவிட்டன. நாற்றம் பலமாக இருக்கும்; ஆனால் ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டையும் நன்றாகப் பிடிக்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். பாலிபுரோப்பிலீனைப் பிடிக்கத் தனி வகையே உண்டு. விலை அதிகம். நீண்ட விரிசல், அவசர வேலை என்றால் அந்த விலை தகும். ஒரு மூக்குக்கு என்றால் கூழே போதும்.

அவனுக்குச் சொன்ன இன்னும் இரண்டு விஷயம்: பிளாஸ்டிக்கைப் பெட்ரோலால் துடைக்காதே; போல்ட் கழலாமல் இருக்க ஊற்றும் திரவத்தைப் பேனல் ஸ்குருக்களில் விடாதே. இரண்டும் ஏ.பி.எஸ்.ஸிலும் பாலிகார்பனேட்டிலும் இறுக்கம் உள்ள இடங்களில் நுண்விரிசலைத் திறந்துவிடும். ஸ்குருவைச் சுற்றிச் சூரியக் கதிர் போல் விரிசல் ஓடிய எத்தனையோ பேனல்களைப் பார்த்துவிட்டேன். அங்கே ரப்பர் வாஷர் போட்டு, கை இறுக்கத்தோடு நிறுத்தினால் போதும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், எவ்வளவு சின்னதானாலும். உடையாமல் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை சைடு கவரை நேராக இழுத்துக் கழற்றி, சட்டத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுங்கள். ஸ்பேர்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.